கட்டாரிலிருந்து வராத அத்தர்

மகன், உனக்கு என் ஸலாம். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு உம்மா கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன பிடித்தது என்று நீ சிரிப்பாய். சிரித்துவிட்டு வாசி. நேரே கதைத்தால் நீ "ஓம் உம்மா, ஓம் உம்மா" என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிவிடுகிறாய். ஹெல்மெட் போட்ட தலையோடு எந்தத் தாயாலும் கதைக்க முடியாது. கடிதம் என்றால் பாதியில் பைக்கை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு ஓட முடியாது பார். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். யாரை எப்படி இருத்தி வைத்து வாசிக்க வைக்கலாம் என்று எனக்குத் தெரியும்.

இன்னும் மூன்று கிழமையில், எண்ணி இருபத்தொரு நாளில், நீ அக்கரைப்பற்றுக்குப் போய்விடுவாய். மற்ற ஊர்களில் கல்யாணத்தன்று பெண்ணைப் பெற்றவள் அழுகிறாளாம். நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறான், ஆகவே அந்த அழுகை ஆண்பிள்ளையைப் பெற்றவளுக்கு வந்து சேர்கிறது. நான் அழுவதாக இல்லை. அக்கரைப்பற்று என்ன அடுத்த கண்டமா? கல்முனையில் பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் உன் வாசலில் வந்து நிற்பேன், மருமகள் விரட்டும் வரைக்கும் இருப்பேன். உண்மையைச் சொன்னால் இந்த நாட்களில் நான் சந்தோசமாகத்தான் இருக்கிறேன். வாப்பாவுக்குச் சுகம் நல்லது, இந்தப் போகம் மழையும் நேரத்துக்கு விழுந்தது, நீ விரும்பிய பிள்ளை உனக்குக் கிடைக்கிறாள். ஒரேயொரு விசயம்தான் நேற்றிலிருந்து தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

நேற்று நீ வேலைக்குக் கந்தோருக்குப் போனபிறகு கொழும்பிலிருந்து உன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. கல்யாணச் சாமானாக்கும் என்று பிரித்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன், உன் பார்சலைப் பிரிக்க எனக்கு இன்னும் மூன்று கிழமை உரிமை இருக்கிறது. உள்ளே நூறு சின்னப் போத்தல்கள். எல்லாம் கடை அத்தர். ஒவ்வொன்றிலும் தங்க நிறத்தில் அரபு எழுத்து லேபல். ஒன்றைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். மோசமென்று சொல்ல முடியாது, குளிக்கிற நல்ல சவர்க்காரத்தின் மணம் இருந்தது. பிறகு பின்வளவுக் கொட்டிலுக்குப் போனேன். அங்கே உடைந்த கதிரை மேசைகளுக்குப் பின்னால் நீ உன் கையால் வடித்த தாழம்பூ அத்தர், பழைய துணியால் மூடியபடி, பெரிய போத்தல்களில் நிறைந்து கிடக்கிறது. இதை வைத்துக்கொண்டு அதை ஏன் வாங்கினான் என்று அங்கேயே நின்று யோசித்தேன். கோபம் வரவில்லை மகன். நீ இதை யாரிடம் படித்தாய் என்று விளங்கியதும் வெட்கம்தான் வந்தது.

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன், நீ மறந்துவிட்டாய் போல நடிப்பதால். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் என் பிரஷர் குக்கரைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால் நீ அதைக் கொட்டிலில் அடுப்பின் மேல் வைத்திருக்கிறாய். மூடியிலிருந்து ஒரு செம்புக் குழாய் புறப்பட்டு, ஒரு வாளித் தண்ணீருக்குள் சுற்றி இறங்கி, அடுத்த பக்கத்தால் ஒரு போத்தலுக்குள் சொட்டிக்கொண்டிருக்கிறது. போத்தலின் அடியில் சந்தன எண்ணெய். குக்கருக்குள் தாழம்பூ. "என்னடா மனே இது, குண்டு செய்றயா?" என்று கேட்டேன். நீ வாயில் விரலை வைத்து "உஸ்ஸ்" என்றாய். அன்றைக்கு அதிலிருந்து வந்தது அவிந்த புல்லின் மணம். நீ அதைக் கொண்டுபோய் வாழைமரத்தடியில் ஊற்றினாய், உன் முகத்தில் ஒரு துளி கவலையில்லை. அப்படி எத்தனை தரம் ஊற்றினாய் என்று எனக்குக் கணக்கில்லை. குக்கரை நீ திருப்பித் தந்த மாதங்களில் மாட்டிறைச்சிக் கறி தாழம்பூ மணத்தது, நான் வாயைத் திறக்கவில்லை. நீ தோற்றுக்கொண்டிருந்த காலமெல்லாம் வெகு நிம்மதியாக இருந்தாய், அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பிறகு ஒரு மாரிகாலத்தில் அது சரியாக வந்தது. கொட்டிலுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மழை விழுந்து ஓய்ந்த விடியற்காலையில் ஆற்றோரம் நடந்தால் ஒரு மணம் வருமே, அது ஒரு சொட்டுக்குள் இருந்தது. நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். "மாஷா அல்லாஹ்" என்றேன். அன்றைக்குத்தான் உன் முகத்தில் முதல்தரம் பயத்தைக் கண்டேன். அந்த வெள்ளிக்கிழமை நீ அதைத் தடவிக்கொண்டு ஜும்ஆவுக்குப் போனாய். பக்கத்தில் இருந்தவர் என்ன அத்தர் மகன், எங்கே வாங்கியது என்று கேட்டாராம். நீ "கட்டார்ல இருந்து கூட்டாளி அனுப்பின" என்று சொல்லிவிட்டாய். வீட்டுக்கு வந்து அதை ஒரு பகிடியாகச் சொன்னாய், நானும் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது. வாப்பா ஒரு நாள் வயலிலிருந்து வந்து "வீடு என்ன இப்படி மணக்கிது?" என்று கேட்டபோது சாம்பிராணி போட்டேன் என்று சொன்னவளும் நான்தான். உன் பொய்க்கு நான் துணைப்பொய் சொன்னேன். அதனால் இன்றைக்கு வரைக்கும் உன் வாப்பாவுக்குத் தன் மகன் கொட்டிலில் பைக் திருத்துகிறான் என்பதுதான் தெரியும்.

அந்தச் சின்னப் பொய் இப்போது கல்யாணம் முடிக்கும் வயதுக்கு வளர்ந்துவிட்டது. பெண் பார்க்கப் போன அன்று, உன் வாப்பா அறுவடையை விட்டு வரவில்லை, றிஸ்னாவின் வாப்பா உன் கையைப் பிடித்து ஸலாம் சொன்னவர், தன் கையை முகர்ந்து பார்த்துவிட்டு "மாப்பிள, இது எங்கெயிருந்து?" என்று கேட்டார். நீ பழைய பாடத்தையே ஒப்புவித்தாய். அவர் நல்ல மனுசன், உடனே பிடித்துக்கொண்டார். நிக்காஹ்வுக்கு வருகிறவர்களின் கையில் வாசலில் வைத்து ஒரு சொட்டுத் தடவி விடுவதுதானே வழக்கம், இந்தத் தரம் தடவி விடுவதோடு நிற்காமல் ஆளுக்கொரு சின்னப் போத்தலே கொடுப்போம், அந்தக் கட்டார்க் கூட்டாளியிடம் நூறு போத்தல் சொல்லிவிடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து குசினிக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னாயே, அதை நான் ஒரு எழுத்தும் விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

"நல்லா இல்லெண்டு சொன்னா ஒரு பிரச்சினையும் இல்ல உம்மா. கழுவி ஊத்திப்போட்டுப் போயிரலாம். நல்லா இரிக்கி எண்டு நூறு பேரும் சொல்லிப்போட்டா? பொறகு ஒவ்வொரு தரமும் அப்படியே வரணும். ஊரெல்லாம் கேக்கும். வாப்பா கந்தோர் வேலய உட்டுப்போட்டுப் போகப்போறானோ எண்டு யோசிப்பாரு. அதுக்கெல்லாம் நான் ஆரு?"

அப்போது நான் என்ன சொன்னேன்? "சரி மனே, கைய கழுவிப்போட்டுச் சோத்தத் தின்" என்றேன். உலகத்தில் உள்ள எல்லாக் கேள்விக்கும் சோற்றைப் பதிலாக வைக்கிற பழக்கம் நமக்கு. உன் கேள்விக்கு இன்றைக்குப் பதில் சொல்கிறேன், ஆறவைத்துத் தின்றாலும் பரவாயில்லை.

நீ ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதினாய். பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாய். அதிபர் என்னைக் கூப்பிட்டு உன் தாளைக் கையில் தந்தபோது வீடு வரைக்கும் என் கால் நிலத்தில் படவில்லை. கேற்றடியில் பக்கத்து வீட்டு மாமி நின்றார். "என்ன டீச்சர், மகன்ட றிசல்ட்ஸ் என்ன மாதிரி?" என்று கேட்டார். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு "என்னத்த மாமி, ஏதோ பாஸாகிப் போட்டான், அவ்வளவுதான்" என்றேன். உள்ளே வந்தால் ஜன்னல் திரைக்குப் பின்னால் நீ நிற்கிறாய். "உம்மா, நான் கொஞ்சமா எடுத்த?" என்று கேட்டாய். "இல்ல மனே, நல்லா எடுத்திரிக்காய், கண்ணூறு பட்டுரும், மெதுவாக் கதை" என்றேன். உனக்கு அன்று பத்து வயது. பத்து வயதுப் பிள்ளை அதிலிருந்து என்ன படிக்கும்? நல்லது செய்தால் ஒளிக்க வேண்டும், நன்றாகச் செய்தால் உம்மா பயப்படுவாள் என்றுதான் படிக்கும். பரீட்சைக்கு நான் சொல்லித்தந்த பாடமெல்லாம் உனக்கு மறந்திருக்கும், இந்தப் பாடம் மட்டும் அழியாமல் இருக்கிறது.

உன் வாப்பாவும் இதில் சளைத்தவர் இல்லை. வயலில் எவ்வளவு விளைந்தாலும், யார் கேட்டாலும், "என்ன, சாப்பாட்டுக்குக் காணும், போதும்" என்பதுதான் அவருடைய பதில். வரம்பு மறைய விளைந்த போகத்திலும் அதே பதில், வெள்ளம் அள்ளிக்கொண்டு போன போகத்திலும் அதே பதில். அந்தக் காலத்தில் சூடடிக்கும் களவெட்டியில் நெல்லை நெல்லென்றே சொல்லமாட்டார்கள், பொலி என்பார்கள், வாய்விட்டு எண்ணவும் மாட்டார்கள். கெட்ட கண்ணும் கெட்ட காதும் கேட்டுவிடும் என்று பயம். இப்போது மெஷின் வந்து வெட்டிச் சாக்கில் கொட்டித் தருகிறது, ஆனாலும் மெஷின்காரன் சத்தமாக எண்ணினால் உன் வாப்பா அவனுடைய வாயைப் பொத்தாத குறைதான். அவரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. மழையையும் ஆற்றையும் நம்பி வாழ்கிற மனுசன், தன் சந்தோசத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார். ஆனால் அந்தச் சட்டையை உனக்கும் அளவெடுத்துத் தைத்துவிட்டோமே என்பதுதான் என் கவலை.

இனி எழுதப்போவதை நான் யாருக்கும் சொன்னதில்லை, வாப்பாவுக்கும் சொன்னதில்லை. நீ பிறப்பதற்கு முன்னால், நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில், பிள்ளைகளுக்காக ஒரு நாடகம் எழுதினேன். கடற்கரையில் சிறுவர்கள் தங்களை விரட்டுகிறார்கள் என்று நண்டுகளெல்லாம் ஊர்வலமாகப் போய்க் கடலிடம் முறைப்பாடு சொல்கிற கதை. பன்னிரண்டு பெண்பிள்ளைகள், காகித மட்டையில் வெட்டிச் சிவப்பு மை பூசிய கொடுக்குகள். விளையாட்டாகத்தான் செய்தேன். அது கல்வி வலயப் போட்டியில் முதலிடம் வந்தது. மாகாணப் போட்டிக்குத் திருகோணமலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்தால் மற்றவர்களின் பேச்சு நின்றுவிடுகிறது. இனி ஒவ்வொரு வருடமும் டீச்சர்தான் எழுத வேண்டும் என்று அதிபர் சொல்லிவிட்டார். திருகோணமலையில் தோற்றுவிட்டால் என்ன செய்வது என்று நான் ஒரு நிமிசமும் யோசிக்கவில்லை. வென்றுவிட்டால் என்ன செய்வது என்றுதான் யோசித்தேன். வென்றால் கொழும்பு, கொழும்பில் வென்றால் எல்லோர் வாயிலும் என் பெயர், அதற்குப் பிறகு நான் பழைய ஆளாக இருக்க முடியாது. போட்டியன்று காலையில் காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டுப் படுத்துக்கொண்டேன். உடம்பு சூடே இல்லாமல் பச்சைத் தண்ணீராக இருந்தது. பொறுப்பான டீச்சர் இல்லாமல் பெண்பிள்ளைகளை அனுப்ப முடியாது என்று அதிபர் வேனைத் திருப்பிவிட்டார். பன்னிரண்டு பிள்ளைகளும் மட்டைக் கொடுக்குகளைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து போனார்களாம்.

அதற்குப் பிறகு நான் நாடகம் எழுதவில்லை. போன நோன்புக்கு முன்னால் கல்முனைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்தாள். அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி, இப்போது அவளே பேரப்பிள்ளை கண்டுவிட்டாள். "டீச்சர், அண்டைக்கி ஒங்களுக்குக் காய்ச்சல் வராட்டி நாம வெண்டிருப்பம், என்ன டீச்சர்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். நான் "ஓம் புள்ள" என்றேன். வேண்டாத ஒரு கிலோ சாளை மீனையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அவளிடம் நான் திருடியது அவளுக்கே தெரியாது. நீ உன் போத்தல்களைத் துணியால் மூடி வைத்திருப்பதைப் பார்த்தபோது, மகன், எனக்கு அந்தப் பிள்ளைகள் நடந்து போனதுதான் மனதில் வந்தது. நான் அன்றைக்கு அதைப் பார்க்கக்கூட இல்லை, ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

கண்ணூறு இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. உண்டுதான். ஆனால் அதற்கு ஓதிக்கொள்ளச் சொல்லித்தான் நம் மார்க்கத்தில் இருக்கிறது, பொய் சொல்லிக்கொள்ளச் சொல்லி இல்லை. நல்லதைக் கண்டால் மாஷா அல்லாஹ் என்று சொல் என்று எவ்வளவு இலேசான வழி காட்டியிருக்கிறார்கள். நாம் அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டு நூறு கட்டார்க் கூட்டாளிகளை உண்டாக்கிக்கொண்டு திரிகிறோம். இன்னொன்றையும் கேள். அதுக்கு நான் ஆரு என்று கேட்டாயே, அதில் அடக்கம் இருக்கிறது என்று நீ நினைக்கிறாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. மணத்தைப் பூவுக்குள் வைத்தவன் அல்லாஹ். முள்ளுக்குள் கையை விட்டுப் பறித்ததும், ஊற்றி ஊற்றித் திரும்பத் திரும்ப வடித்ததும்தான் உன் பங்கு. உன் பங்கை உன் பங்கென்று சொல்வது பெருமை இல்லை. அதைக் கட்டாருக்குக் கொடுப்பது நன்றிகெட்ட வேலை.

ஒவ்வொரு தரமும் அப்படியே வரவேண்டும் என்று பயப்படுகிறாய். வராது மகன். ஒரு மழைக்குப் பூ ஒரு மாதிரி, அடுத்த மழைக்கு வேறு மாதிரி. முப்பது வருடம் சமைத்தும் என் புளியாணம் ஒரு நாளைப் போல இன்னொரு நாள் வந்ததில்லை, நீங்கள் தின்னாமலா விட்டீர்கள்? இந்தத் தரம் சரியாக வரவில்லை என்று சொல்லவும் உனக்கு வாய் இருக்கிறது. ஊரெல்லாம் கேட்டால் வருடத்துக்கு இவ்வளவுதான் செய்வேன் என்று சொல்லிவிடு. கந்தோர் வேலையை விடச் சொல்லி யாரும் உன் கழுத்தில் கத்தி வைக்கவில்லை, விடுவதென்றால் அதை உன் மனைவியோடு கதைத்துத் தீர்த்துக்கொள். கொஞ்சமாகச் செய்வதில் பிழையில்லை, இடையில் நிறுத்துவதிலும் பிழையில்லை. செய்துவிட்டு நான் செய்யவில்லை என்பதுதான் பிழை. நான் அப்படித்தான் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன், அதில் ஒரு சுகமும் இல்லை என்று அனுபவித்தவள் சொல்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் றிஸ்னா எனக்குப் போனில் கோல் எடுத்தாள். சேலை நிறம் பற்றித்தான் கதைக்கத் தொடங்கினாள், பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"மாமி, ஒரு விசயம் கேக்கட்டா? கோவிக்கப்படாது."

"கேளு மகள்."

"கட்டார்ல தாழ மரம் இரிக்கா மாமி?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "ஏன் மகள் கேக்காய்?" என்றேன்.

"இல்ல, அண்டைக்கி வந்திருக்கக்குள்ள அவர்ட கையப் பார்த்தன். முழங்கை வரைக்கும் தாழ முள்ளு கீறின கை. எங்கட வேலியெல்லாம் தாழதானே, எனக்குத் தெரியாதா? பார்சல் பிரிச்சா அப்படிக் கீறாது மாமி." பிறகு சொன்னாள், "நான் வாப்பாக்கிட்டச் சொல்லல்ல. அவரு சொல்லுவாரு எண்டு பாத்துக்கிட்டு இரிக்கன். சொல்லாட்டி எனக்குக் கொஞ்சம் கவலதான். எனக்கும் ஒளிப்பாரா எண்டு யோசிப்பன்."

பார் மகன், நீ பொய்யைக் கொண்டுபோய்க் குடிவைக்கப் பார்க்கிற வீட்டில் உன் மணத்தை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். அவளுக்கு ஒரு நாளும் "ஏதோ, சாப்பாட்டுக்குக் காணும்" என்று பதில் சொல்லாதே. உனக்குப் பிள்ளை பிறந்து, அது ஒரு நல்ல காரியம் செய்துகொண்டு ஓடிவந்தால், கேற்றடியில் நின்று ஊருக்குக் கேட்கச் சொல். மாஷா அல்லாஹ்வையும் சேர்த்துச் சொல். என் வாயிலிருந்து நீ கேட்க வேண்டியிருந்து கேட்காமல் போனது அதுதான்.

கொழும்புப் பார்சலை உன் கட்டிலில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் கொட்டிலில் இருந்த உன் போத்தல்களையும் துடைத்து, துணியை எடுத்துவிட்டு வைத்திருக்கிறேன். எதை அக்கரைப்பற்றுக்கு அனுப்புவது என்று நான் சொல்லமாட்டேன். உனக்குப் பதிலாக றிஸ்னாவின் வாப்பாவிடம் உண்மையைச் சொல்லவும் மாட்டேன், அப்படிச் சொன்னால் அது என்னுடைய காரியமாகிவிடும்.

ஆனால் ஒன்று செய்துவிட்டேன், அதற்கும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாப்பா வயலிலிருந்து வந்து குளித்துவிட்டுக் குசினியில் தேத்தண்ணிக்கு இருந்தார். உன் போத்தலைத் திறந்து அவருடைய மணிக்கட்டில் ஒரு சொட்டுத் தடவி விட்டேன். மனுசன் தேத்தண்ணியை மறந்துவிட்டார். மூக்கடியில் கையை வைத்துக்கொண்டு "இது எங்கெயிருந்து புள்ள? எங்கெயிருந்து?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கிறது. ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போய் அவருக்குப் பதில் சொல்லு.

உன் உம்மா